ஏழு மார்க் தொப்பி

1

ஒரு தொப்பி, ஏழு மார்க். சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. உள்பட்டையில் கா.வீ. என்று நூலால் தைத்த எழுத்து, ஓரம் கொஞ்சம் வளைந்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்த தலை ரஷ்யாவில் எங்கேயோ தங்கிவிட்டது. கொலோன் நகரத்துப் பழைய சாமான் கடைக்காரன் ஒருவன் 1956இல் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழு" என்றான்.

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். எடுத்த எடுப்பில் ஏழு என்றால் சரக்கு பத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அங்கே பேரமே நடக்கவில்லை. தொப்பியைக் கொண்டுபோனவன் விற்காமல் வீட்டுக்குத் திரும்பி ஒரு பாட்டு எழுதினான். அந்தப் பாட்டை ஒரு பெண் பாடினாள். இந்தக் கதை அவளுடையது.

எனக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்புவேன். கொலோனில், சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் நான் வழக்கமாகப் போகிற பீர்க்கடையில் மத்தேஸ் என்று ஒரு பரிசாரகன். அவன் சொன்ன கதை. சும்மா சொல்லவில்லை.

"எனக்கு என்ன தருவே?" என்றான்.

"கதையில உன்னைப் போடறேன்."

"நல்லவனாவா?"

"நல்லவனா."

"அழகனாவா?"

"அது கட்டுபடியாகாது."

"அப்ப உயரத்தையாவது கொஞ்சம் ஏத்திப் போடு."

ஆகவே: மத்தேஸ் உயரமானவன். ஒப்பந்தம் அவ்வளவுதான். வாடிக்கையாளர் அட்டையில் அவன் எப்போதும் ஒரு கோடு கூடப் போடுவான் என்பதை எழுதக் கூடாது என்று பேச்சில்லை.

(அட்டை என்றால் இதுதான். இந்த ஊரில் பீர் ஒல்லியான சின்னக் குவளையில் வரும். காலி செய்தால் கேட்காமலே அடுத்தது வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் குவளைக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. போதும் என்றால் வாயால் சொல்லிப் பயனில்லை. அட்டையை எடுத்துக் குவளைமேல் மூட வேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.)

2

மூன்று தொடக்கம் எழுதினேன்.

முதலாவது: "ஹெட்விக் லம்பெர்ட்ஸ் 1932ஆம் ஆண்டு ஒரு தையல்காரரின் மூன்றாவது மகளாக—" நிறுத்திவிட்டேன். பிறப்பிலிருந்து போனால் பாட்டுக்கு வருவதற்குள் ஊர்மேல் விழுந்த அத்தனை குண்டுகளையும் நான் எண்ண வேண்டிவரும்.

இரண்டாவது: "விளக்குகள் அணைந்தன. கிழவியின் நடுங்கும் விரல்களில் அந்தத் தொப்பி—" சரக்கைவிடப் பொட்டலம் பெரிசு. அதோடு அவள் விரல் நடுங்கவில்லை. நடுங்கியது வேறு ஆளுடைய விரல்.

மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஹெட்விக் ஒரு மனிதனுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயதில் சொல்ல வாயெடுத்தாள், தடுத்துவிட்டார்கள். அறுபத்தொன்பது வயதில், இருவரில் ஒருவர் செத்துப்போவதற்குள் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள்.

அலங்காரம் இல்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

3

அவள் பாடியது ஒரு காபரேயில். காபரே என்றதும் உங்களுக்கு ஒரு பழைய சினிமா ஆட்டம் ஞாபகம் வரும். அதைக் கலைத்துவிடுங்கள். இங்கே உடுப்பு முழுசாக இருக்கும். நாலு பேர் மேடையேறி மந்திரியைக் கிண்டலடிப்பார்கள், பாதிரியாரைக் கிண்டலடிப்பார்கள், டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவரையும் விடமாட்டார்கள். நடுவில் பாட்டு.

அப்படி ஒரு நிலவறை. முன்பு நிலக்கரி கொட்டிவைத்த இடம். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும், நிகழ்ச்சி முடிந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தால் கறுப்பாக வரும். பியானோ வாசிப்பதும் பாட்டு எழுதுவதும் ஆன்செல்ம் வீர்ட்ஸ். ஹெட்விக் பகலில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்பாள், சாயங்காலம் இங்கே பாடுவாள். அவளைவிட நல்ல குரல் இரண்டு இருந்தன அந்தக் குழுவில். தொப்பிப் பாட்டை அவன் அவளிடம்தான் கொடுத்தான்.

"ஏன் எனக்கு?" என்று கேட்டாள்.

"அவளுங்க பாடுவாளுங்க. எனக்குப் பேரம் பேசத் தெரிஞ்சவ வேணும்."

பாட்டில் ஒரு பெண் பழைய சாமான் கடைக்குத் தொப்பி விற்க வருகிறாள். கடைக்காரன் குரல் பியானோவிலிருந்து வரும், அது ஆன்செல்ம். ஏழு என்று ஆரம்பிப்பான். வேர்வைக் கறை, ஆறு. ஓரம் வளைந்திருக்கிறது, நாலு. உள்ளே யாரோ பெயர் தைத்திருக்கிறார்கள், இரண்டு. விலை இறங்க இறங்க அவள் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். சனம் சிரிக்கும். கடைசியில் அவன், "சும்மா குடுத்துட்டுப் போ" என்பான். இசை நிற்கும். அப்போது அவள் பாட்டாக இல்லாமல் பேச்சாக ஒரே வரி சொல்ல வேண்டும்: "அவர் வந்தா என்ன போட்டுப்பார்?" தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும்.

ஒத்திகையில் தொப்பியைக் கையில் வாங்கியதும் ஹெட்விக் உள்பட்டையைப் பார்த்தாள். ஆறு வருஷம் கடையில் நின்றவள், எதை வாங்கினாலும் உள்பக்கம் பார்ப்பாள்.

"இது நிஜத் தொப்பியா?"

"எங்க அண்ணனோடது. காஸ்பர். அம்மா வித்துட்டு வரச் சொன்னாங்க."

"ஏன்?"

"ரஷ்யாவிலேர்ந்து போர்க் கைதிங்க திரும்பி வந்த கடைசி ரயிலும் வந்து நின்னுடுச்சு. அதுல அவன் இல்ல. இனிமே ஆணியில எதுக்கு மாட்டி வச்சிருக்கணும்னு கேட்டாங்க."

"இதை நான் மேடையில தூக்கிப் போட்டுப் பிடிக்கணுமா?"

"மூணாவது அடியில. கீழ விட்டேன்னு வை, கொன்னுடுவேன்."

முதல் நாள். திரைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். ஆன்செல்ம் பின்னாலிருந்து வந்து அவள் இடது தோளுக்கு மேலே "தூ, தூ, தூ" என்றான். நம் ஊரில் கண்ணேறு கழிக்கிற அதே மூன்று. இவர்கள் மேடையேறும் முன்னால் செய்வார்கள்.

"நன்—" என்றாள் ஹெட்விக்.

அவன் கை அவள் வாயைப் பொத்தியது.

"அடிப் பைத்தியமே! இதுக்கு நன்றி சொல்லக் கூடாது. சொன்னா அன்னிக்கு மேடை கவுந்துடும். உனக்கு யாரும் சொல்லலையா?"

"அப்ப எப்பத்தான் சொல்றது?"

"முடிஞ்சப்புறம். பிறகு சொல்லு."

தவறிச் சொல்லிவிட்டால் அந்த நிலவறையில் ஒரு பரிகாரமும் உண்டு. சொன்னவர் தெருவுக்குப் போய், நின்ற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டி, உள்ளே விடும்படி கெஞ்ச வேண்டும். அப்படிச் செய்தால் அந்த நன்றி சொல்லாததாகிவிடும். ஒரு பொம்மைப் பேச்சுக்காரர் ஜனவரிப் பனியில் வெறும் சட்டையோடு சுற்றி, பொம்மையையும் சுற்றவைத்து, நெஞ்சுச் சளி பிடித்துக்கொண்டாராம். இந்தப் பரிகாரத்தையும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு பிடித்துக்கொண்டது. "அவர் வந்தா என்ன போட்டுப்பார்" என்று அவள் சொன்னதும் யாரும் கைதட்டவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். போனவள் திரும்பி வந்து, நின்றுகொண்டே தட்ட ஆரம்பித்தாள். அந்த ஊரில் பாதி வீட்டு ஆணியில் ஒரு தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரன் வந்தான், பூ வந்தது, யாரோ ஒரு கம்பெனி முதலாளி கையை முத்தமிட்டான். ஹெட்விக் ஆன்செல்மைத் தேடும்போது அவன் பீர்க்கடைக்குப் போயிருந்தான்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

4

இங்கே எனக்கு ஆன்செல்ம்மேல் ஒரு சந்தேகம் வந்தது. தன் சொந்த அண்ணன் தொப்பியை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒன்பது வருஷம் வாய் திறக்காமல் பியானோ வாசிக்கிறவன் என்ன ஆள்? இரண்டாவது பிரதியில் அவனுக்கு அவள்மேல் காதல் என்று எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. மழை எல்லாம் பெய்தது. மத்தேஸிடம் வாசித்துக் காட்டினேன்.

சிரித்துச் சிரித்துத் தட்டிலிருந்த பீரைக் கொட்டினான்.

"காதலா? யோவ், அவர் ஒரு தச்சன் கூட முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவரு. பெரியப்பா பையன்னு வெளியில சொல்லிப்பாங்க. ஊருக்கே தெரியும், நீ எங்க இருந்தே?"

காதலைக் கிழித்துப் போட்டேன். மழையை மட்டும் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெய்தது.

1966. மியூனிக்கிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் ஹெட்விக்கைக் கூப்பிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரி வேஷம். முப்பத்துநாலு வயது முகத்தில் சுருக்கம் வரைந்துகொள்வோம், பரவாயில்லையா என்றார்கள். நிலவறையில் ஒரு மாதம் வாங்குவதை அங்கே மூன்று நாளில் தருவதாகச் சொன்னார்கள். அவள் ஆன்செல்மிடம் சொல்லிவிட்டுப் போகப் பீர்க்கடைக்கு வந்தாள். அவன் இல்லை. ரயிலுக்கு நேரம். மத்தேஸ் அப்போதே அங்கே பரிசாரகன்.

"சொல்லிடு, மத்தேஸ்."

"என்னன்னு சொல்லட்டும்?"

"மியூனிக் போறேன்னு. மத்ததை வந்து சொல்றேன்னு."

வெளியே கொட்டுகிறது. பையைத் திறந்து, நிலவறையிலிருந்து எடுத்துவந்த சாமான்களில் கைக்கு வந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். ரயிலில் கோட்டைக் கழற்றும்போதுதான் தலையில் இருப்பது என்ன என்று கண்ணாடி ஜன்னலில் தெரிந்தது.

வழியில் கோப்லென்ஸில் இறங்கித் திரும்பியிருக்கலாம். அங்கே ரயில் நின்றது. இங்கே ஒரு நீண்ட பத்தி எழுதினேன், அவள் மனசில் என்ன ஓடியது என்று. எனக்குத் தெரியாது என்பதால் அடித்துவிட்டேன். அவள் இறங்கவில்லை.

ஆன்செல்மிடம் மத்தேஸ் விஷயத்தைச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "தொப்பியோடவா போனா?"

"ஆமா."

"மழைதானே," என்றான். அட்டையைக் குவளைமேல் மூடிவிட்டுப் போய்விட்டான்.

5

அதற்கப்புறம் ஹெட்விக் லம்பெர்ட்ஸ் கதவு திறந்தாள்.

வேறு எப்படிச் சொல்வது? அடுத்த முப்பத்தைந்து வருஷம் அவள் பிழைப்பு அதுதான். ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் படங்களில் போலீஸ்காரர் மணியடிப்பார், ஒருத்தி கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்பாள். அந்த ஒருத்தி இவள். வீட்டுக்காரி, பிரசவம் பார்ப்பவள், விதவை, கன்னிமாடத்து வாசல்காரி, ஒருமுறை கொலைகாரியின் தங்கை. நாலு வரி, மிஞ்சினால் ஆறு. நாயகிகள் வந்தார்கள், போனார்கள், கல்யாணம் செய்தார்கள், குடித்தார்கள். கதவு திறக்க ஆள் எப்போதும் வேண்டியிருந்தது. தெருவில் அவளைப் பார்த்தவர்கள் பெயர் தெரியாமல், "நீங்க எங்க பழைய வீட்டுல குடியிருந்தீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, ரெண்டாவது மாடி" என்பாள்.

சம்பளம், ரயில் கட்டணம், அறை வாடகை என்று எல்லாரும் கேட்பதையே அவளும் கேட்டாள். கூட ஒன்று கேட்டாள். அவள் திறக்கும் கதவுக்குப் பின்னால், கோட்டு மாட்டும் கொக்கியில் அந்தத் தொப்பி தொங்க வேண்டும். அவளே மாட்டுவாள்.

"இது யாரோட தொப்பி, அம்மா?" என்றார் ஒரு சாமான் பொறுப்பாளர். "கதையில உங்களுக்குப் புருஷன் கிடையாதே."

"இருந்தான். அதனாலதான் தொப்பி இருக்கு."

கன்னிமாடத்தில் சண்டை வந்துவிட்டது. இயக்குநர் ஒரு இளைஞர், கறாரானவர்.

"கன்னியாஸ்திரீங்க இருக்கிற இடத்துல ஆம்பளத் தொப்பியா? என் படம் சிரிப்பாப் போயிடும்."

"தோட்டக்காரன் தொப்பின்னு வச்சுக்குங்க."

"தோட்டக்காரனே கிடையாதே கதையில!"

"அப்ப செடிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்தறா? ஆண்டவரா?"

தொப்பி தொங்கியது. அந்தக் காட்சியில் வேறெதுவும் ஞாபகமில்லை அந்த இயக்குநருக்கு.

ஊருக்குத் திரும்பிப் போய் ஆன்செல்மைப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒருமுறை கார்னிவல் திருவிழாச் சமயம் வந்திருக்கிறாள். பீர்க்கடை வாசல்வரை வந்து, உள்ளே அவன் முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். நன்றியையும் தொப்பியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். தொப்பியைக் கொடுத்துவிட்டால் அடுத்த கதவுக்குப் பின்னால் எதை மாட்டுவது? வைத்திருப்பவளுக்கு இப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்துவிடும். எங்கள் தெருவில் இதற்கு வட்டி என்று பெயர்.

6

2001 டிசம்பர். நிலவறையை மூடுகிறார்கள். சைக்கிள் கடை வரப்போகிறது. கடைசி நிகழ்ச்சி, ஞாயிறு முற்பகல் பதினோரு மணிக்கு; கிழங்கள் எல்லாம் பகலில்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஹெட்விக்கைத் தொப்பிப் பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பியானோவுக்கு யார் என்று கேட்டாள். "அவரேதான்" என்றார்கள். "விரல் கொஞ்சம் நடுங்குது, ஆனா அந்தப் பாட்டுக்கு அது போதும்னு அவரே சொல்றார்."

ஒத்திகைக்கு அவன் வரவில்லை. "அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆகவே முப்பத்தைந்து வருஷத்துக்கப்புறம் அவர்கள் பார்த்துக்கொண்டது திரைக்குப் பின்னால், மேடையேற ஒரு நிமிஷம் இருக்கும்போது. அவள் கையில் தொப்பி. அவன் எழுபத்தைந்து வயதுக்கு நேராகத்தான் நின்றான். தொப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வணக்கம் சொல்லவில்லை. சுற்றிவந்து அவள் இடது தோளுக்கு மேலே, "தூ, தூ, தூ."

"நன்றி," என்றாள் ஹெட்விக்.

(இதை நான் இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எப்படி எழுதினாலும் அந்த ஒரு சொல்லைவிடப் பெரிதாக வரவில்லை.)

ஆன்செல்ம் கை வாயைப் பொத்தப் போனது. பழைய வேகம் இல்லை. பாதி வழியில் நின்றது.

"என்னடி சொன்னே?"

"கேட்டுச்சு உனக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா? முழு அரங்கு உக்காந்திருக்கு! போ. தெருவுக்குப் போ. சுத்திட்டு வந்து கதவைத் தட்டு."

"மாட்டேன்."

"வயசாயிடுச்சுன்னா மெதுவாச் சுத்து. போ, ஹெட்டி!"

"சுத்தினா சொன்னது சொல்லாததா ஆயிடும் இல்ல?"

"ஆமா. அதுக்குத்தானே."

"அதுக்குத்தான் மாட்டேன்."

"பிறகு சொல்லேன்! முடிஞ்சப்புறம் எவ்வளவு வேணா சொல்லு. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"அந்தப் 'பிறகு' எனக்குத் தெரியும். ஒருதடவை ஏமாந்தாச்சு."

அவளுக்கு மேடை கவிழும் என்பதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவள். அரங்குக்குள் விசிலடித்தால் ஆகாது என்று, அடித்தவனை அறைந்திருக்கிறாள். கவிழும் என்று முழுசாக நம்பித்தான் சொன்னாள். அவனுக்கும் அது தெரிந்தது. அதனால்தான் அவன் முகம் வெளுத்தது.

திரை விலகிவிட்டது.

7

மத்தேஸ் பீர் பீப்பாய் இறக்க வந்தவன் படிக்கட்டில் நின்று பார்த்ததாகச் சொல்கிறான். நம்புவதா என்று தெரியவில்லை. ஆனால் அங்கே இருந்த வேறு இருவர் சொன்னதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

ஏழு. ஆறு. நாலு. சரியாகப் போனது. மூன்றாவது அடியில் தொப்பியைத் தூக்கிப் போட்டாள், பிடித்தாள். கிழங்கள் கைதட்டின. இரண்டு. "சும்மா குடுத்துட்டுப் போ" என்றது பியானோ.

இசை நின்றது. கடைசி வரி வரவில்லை.

அவளிடம் இல்லை. ஒன்பது வருஷம் தினமும் சொன்ன நாலு சொல், சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி. அரங்குக்குத் தெரியாது, அது கலை என்று நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தது. ஆன்செல்முக்குத் தெரிந்தது. நான் சொன்னேன் பார் என்கிற மாதிரி அவளைப் பார்த்தான் என்கிறான் மத்தேஸ். பிறகு அவன் செய்தது பாட்டில் இல்லாதது.

"சரி, ரெண்டு," என்றான் கடைக்காரன் குரலில்.

சிரிப்பு.

"அஞ்சு. ஏழே வச்சுக்க."

அவள் அசையவில்லை.

"பதினாலு. இருபது! என்ன பொம்பள நீ?"

"யூரோவிலயா?" என்றாள் ஹெட்விக். வரி மறந்ததே தவிர வியாபாரம் மறக்கவில்லை.

அரங்கு அதிர்ந்தது. இன்னும் மூன்று வாரத்தில் மார்க் போய் யூரோ வரப்போகிறது என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆன்செல்ம் சிரிக்கவில்லை. பியானோ மூடிமேல் கையை வைத்துக்கொண்டான்.

"எதுல வேணாலும்," என்றான். இப்போது அது கடைக்காரன் குரல் இல்லை. "அந்தத் தொப்பி எனக்கு வேணும்."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அப்போதுதான் அவளுக்கு வரி வந்தது. அரங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வரி. அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர் வந்தா என்ன போட்டுப்பார்?"

ஒன்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. பாட்டு அங்கே முடிந்துவிடும், விளக்கு அணையும். விளக்குக்காரன் புதுசு, அன்றைக்கு அணைக்க மறந்துவிட்டான்.

"வரமாட்டான், ஹெட்டி," என்றான் ஆன்செல்ம்.

8

இங்கே முடித்திருக்கலாம். இங்கே முடிக்கும்படி இரண்டு நண்பர்கள் கெஞ்சினார்கள். முடிவு அ: அவள் தொப்பியை அவன் தலையில் வைக்கிறாள், கைதட்டல். முடிவு ஆ: அவள் தன் தலையில் வைத்துக்கொண்டு பாட்டில் உள்ளபடி வெளியேறுகிறாள், கைதட்டல். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன். அவள் தொப்பியைக் கையில் பிடித்தபடியே குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள். அவ்வளவுதான் நடந்தது. மேடை கவிழ்ந்ததா இல்லையா என்பதில் இன்றுவரை ஊரில் இரண்டு கட்சி.

பகல் ஒரு மணிக்கு இருவரும் பீர்க்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தொப்பி மேசை நடுவில். மத்தேஸ் வந்து நின்றான்.

"யாரு இது! கதவு திறக்கிற மகாராணியா? இன்னிக்கு எங்க கதவை நீங்களே தள்ளிக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு, மன்னிக்கணும்."

"வாயை மூடிட்டுப் பீர் கொண்டா, மத்தேஸ்."

"சாப்பிட?"

"ஆப்பிளும் கிழங்கும் மசிச்சு, மேல ரத்தத் தொத்திறைச்சி. ரெண்டு தட்டு," என்றான் ஆன்செல்ம்.

"எனக்கு வேண்டாம்," என்றாள் அவள்.

"ரெண்டும் எனக்குத்தான்."

முதல் குவளை பேச்சில்லாமல் போனது. இரண்டாவதை வைக்கும்போது மத்தேஸுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, உங்களால எங்க கடைக்கு ஒரு நஷ்டம். அந்தச் சமையலறை வாசல்ல டீவி இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை ஆனா இந்தப் பெரியவர் வந்து அது முன்னால உக்காருவாரு. நீங்க கதவு திறக்கிற வரைக்கும் பாப்பாரு. திறந்ததும் எழுந்து போயிடுவாரு. ஒரு குவளைக்கு மேல குடிச்சதில்ல. இத்தனை வருஷத்துல ஒரு படத்துலகூடக் கொலை பண்ணவன் யாருன்னு இவருக்குத் தெரியாது!"

"எனக்கு டீவி பிடிக்காது," என்றான் ஆன்செல்ம், தட்டைப் பார்த்தபடி.

மத்தேஸ் போனான். (உயரமாக நடந்து போனான்.)

ஹெட்விக் கொஞ்ச நேரம் குவளையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாத்திருக்கே."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. கொக்கியில."

அவன் தொத்திறைச்சியை வெட்டி வாயில் போட்டு, மென்று, விழுங்கினான்.

"சில தடவை கோணலா மாட்டியிருந்தே," என்றான்.

அவள் தொப்பியை ஒரு விரலால் அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். அவன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் விட்டான், தொப்பியைத் தொடவில்லை. பிறகு அவளைப் பார்த்து, "முடிஞ்சுது இல்ல, நிகழ்ச்சி?" என்றான்.

"முடிஞ்சுது."

"அப்ப இது 'பிறகு'தான்."

"ஒருதடவை சொல்லியாச்சு. திரும்பவெல்லாம் சொல்ல மாட்டேன்."

"அது கணக்குல வராது. அது அபசகுனம்."

"உனக்கு வராது. எனக்கு வரும்."

இப்படியே போனது. எழுந்துபோவதென்றால் யாராவது ஒருவர் முதலில் அட்டையை எடுத்துக் குவளையை மூட வேண்டும். மூடியவர் எழுந்து, தொப்பியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும். இருவருக்கும் அது தெரியும். அதனால் மத்தேஸ் கொண்டுவந்துகொண்டே இருந்தான், கோடு போட்டுக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் என்ன என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொன்று சொல்கிறான். போன வாரம் தொப்பியைத் தானே எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். ஆகவே அவன் மாற்றாமல் சொன்னமட்டில் கணக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மிச்சத்துக்கு நீங்கள் பொறுப்பு.

ஹெட்விக் அட்டையில்: ஆறு கோடு. (மத்தேஸ் போட்டது; ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

ஆன்செல்ம் அட்டையில்: ஆறு. (அதே.)

சாப்பாடு: இரண்டு தட்டு, ஒன்று காலி. இரண்டாவதில் பாதியை அவள் தின்றிருந்தாள்.

நன்றி: கொடுத்தது ஒன்று. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லை.

தொப்பி: ஒன்று, மேசைமேல், நேராக.

மூடிய குவளை: இல்லை.